தூக்கவில்லை, உருட்டினேன்

அண்ணனுக்குச் செம்பட்டி முக்கில் டீக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பாய்லரைத் திறந்தால் ஆவி அடித்து மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகும். வேட்டி நுனியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கிளாஸை ஊற்றுவார். கண்ணாடி இல்லாமல் டீ ஆற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வலது கண்ணில் புரை முற்றியபோது, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அதற்கு வழி சொன்னார்.

“உங்களுக்குச் சிலிண்டர் பவர் இருக்கு, கருவிழி ஒரு திசையில கூடுதலா வளைஞ்சிருக்கு. அதையும் சேர்த்துச் சரி பண்ற லென்ஸ் வைக்கலாம். ஆனா வச்ச கோணத்திலேயே நிக்கணும். உள்ள ஒட்டிப் பிடிக்கிற வரைக்கும் கண்ணைக் கசக்காதீங்க, வெயிட் தூக்காதீங்க.”

“கடையிலதான் சிலிண்டர்னு பார்த்தா, கண்ணுக்குள்ளயுமா?” என்றார் அண்ணன். மதினி சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கண் கட்டைப் பிரித்து வீடு திரும்பியதும், எதிர்ச்சாரியில் நின்ற பஸ்ஸின் போர்டை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மறுநாள் கடையில் கேஸ் தீர்ந்தது. மதினி கல்லாவில் இருந்தார். அண்ணன் எழுந்துபோய் நிறைசிலிண்டரைச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டியபடி அடுப்புவரை கொண்டுவந்தார். சாயங்காலம் போர்டு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது.

“லென்ஸ் திரும்பியிருக்கு. எதைத் தூக்கினீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“தூக்கல சார். உருட்டினேன்.”

மதினி தலையில் அடித்துக்கொண்டார். அதனால் திரும்பியதா, தானாகத் திரும்பியதா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீக்கிரம் வந்தால் சின்ன ஆபரேஷனில் திருப்பி வைத்துவிடலாம், நாள் தள்ளினால் இறுகிவிடும் என்றார்.

அது தை மாதம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை நிறைய வந்துகொண்டிருந்தார்கள். கடையில் அடுப்பு அணையாத நாட்கள்.

“பூசம் முடியட்டும். ஏலே, லென்ஸு எங்க ஓடிப்போகப் போகுது?” என்றார் அண்ணன் என்னிடம்.

“ஏற்கெனவே பாதி தூரம் ஓடிருச்சு,” என்றார் மதினி.

கூட்டம் வடிந்து கடையைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணுக்குள் லென்ஸைப் பிடித்திருக்கும் உறை இறுகியிருந்தது. இனி அசைத்தால் இருக்கிற பார்வைக்கே ஆபத்து, கண்ணாடிதான் வழி என்றார் டாக்டர். போயிருக்க வேண்டிய அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது இடது கண்ணிலும் புரை. இந்த முறை கவனமாக இருந்தால் அதே லென்ஸை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

“சாதா லென்ஸு திரும்பினா என்ன ஆகும் சார்?”

“அது திரும்பினாலும் பார்வையில வித்தியாசம் தெரியாது.”

“அப்ப அதையே வச்சிருங்க.”