துணைத்தலைவர் வெளியேறினார்

நெய்வேலிச் சுரங்கத்தில் இரண்டே சாதிதான்: பர்மனென்ட், கான்ட்ராக்ட். மற்ற சாதியையெல்லாம் கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்வார்கள். மாலையில் மறக்காமல் எடுத்துக்கொண்டும் போவார்கள்.

நான் கான்ட்ராக்ட். ஓடும் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுவது என் வேலை. பெல்ட் சிந்துவதை நிறுத்தியதே இல்லை.

நகரியத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் தெருவில் எல்லாமே 'பர்மனென்ட் ஆனதும்'தான். ஆனதும் கூரையைப் பிரித்து மாடி கட்டுவார்கள், ஆனதும் பெண் பார்ப்பார்கள். ஒருவர் ஆனதும் பல் கட்டிக்கொள்வதாக இருந்தார். கடைசிவரை பொக்கை வாயோடு சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பர்மனென்ட் ஆக்கும் சக்தி சங்கத்திடம் இருப்பதாகப் பேச்சு. எந்தச் சங்கத்திடம் என்பதில்தான் தெளிவில்லை. ஆகவே மூன்றிலும் சேர்ந்தேன். துண்டு போடும் சங்கம் ஒன்று, கூட்டத்துக்குப் போண்டா தரும் சங்கம் ஒன்று, வருடப் பிறப்புக்குக் காலண்டர் தரும் சங்கம் ஒன்று. மூன்று தலைவர்களும் தனித்தனியாக என் தோளில் கை போட்டு, "நம்ம சங்கம் ஜெயிச்சா மொத பேரு உன்னுதுதான்" என்றார்கள். முதல் இடத்தில் எத்தனை பேரை நிற்க வைக்க முடியும் என்று கேட்க எனக்கு வாய் வராது. நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான்.

இரண்டாயிரத்துப் பதினான்கு, பதினைந்து வாக்கில் என் வண்டியின் சீட் வெடித்தது. ஷிஃப்ட் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டிகளில் சீட் வெடிக்காத வண்டி கிடையாது. வடலூரில் சீட் தைக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரன் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். உதவிக்கு ஆள் வரவில்லை என்று ரெக்சினின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னான். இழுத்தேன். ஸ்பாஞ்சின் மேல் இருந்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாக ஓடி மறைந்தது. வாழ்நாளெல்லாம் சிந்தியதையே அள்ளியவனுக்கு, ஒரு வேலை முடிந்துபோவதைப் பார்ப்பது புதிதாக இருந்தது.

"ண்ணா, கையில நல்லா பலம் இருக்குது" என்றான் கடைக்காரன். "சாயங்காலமா வாங்க, கத்துத் தரேன். கத்துக்கினீங்கன்னா பக்கத்துல இன்னொரு மிஷினு போட்டுடலாம். ஆனா தெனமும் வரணும். பொங்கலுக்குள்ள ஆரம்பிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

சாயங்காலங்கள் என்னிடம் இல்லை. ஒரு நாள் துண்டு, ஒரு நாள் போண்டா, ஒரு நாள் காலண்டர். மிச்ச நாளில் யாராவது ஒரு தலைவருக்குப் பிறந்த நாள்.

"மூனு துண்டு போட்டுகினு திரியிற" என்றாள் என் மனைவி. "ஒரு துணியத் தைக்கக் கத்துக்க இன்னா கொறச்சல்? போய் விட்டுட்டு வாய்யா."

விட்டுவிட்டு வருவது அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் எத்தனையோ பேர் விட்டிருப்பார்கள். துண்டுச் சங்கத் தலைவரிடம் முதலில் போனேன்.

"அண்ணே, சங்கத்துலேந்து நின்னுக்கிறேங்க. சீட்டு தைக்கக் கத்துக்கப் போறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எதிராளி இன்னா குடுத்தான்?"

"யாரும் ஒன்னும் தரலிங்க. தைக்கத்தான்..."

"புரியுது தம்பி, புரியுது. உன்ன நாங்க இத்தினி நாளு கவனிக்காம வுட்டது எங்க தப்பு."

மறுநாள் கேட்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் போர்டில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கிளைத் துணைத்தலைவர். ஏதோ கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். என் தோளோரம் மனைவியின் பூவும் பாதிக் காதும் மிச்சமிருந்தன. அந்தப் போர்டைப் போனில் பார்த்துவிட்டுப் போண்டாச் சங்கம் அன்று மாலையே வீட்டுக்கு வந்து பொருளாளர் பதவி என்றது. காலண்டர் சங்கம், போராட்டக் குழுவுக்கே தலைவர் நீதான் என்றது. அத்தனை வருடம் ஒழுங்காகக் கூட்டத்துக்குப் போனபோது என் பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னவர்கள். மண்வெட்டிக்காரனுக்கு மதிப்பில்லை, ஓடிப்போகப் பார்க்கிற மண்வெட்டிக்காரனுக்கு அப்படி ஒரு மதிப்பு.

பொங்கல் நெருங்கியது. கடைக்காரன் வேறு ஒருவனை விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்ட அன்று, துண்டுச் சங்கத்தின் கேட் மீட்டிங். துணைத்தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்து மைக்கை என் கையில் திணித்தார்கள். எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள். பேசத் தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு, உள்ளதைத் தவிர வேறெதுவும் வாயில் வராது.

"எனுக்கு வேல இருக்குதுங்க" என்றேன். மைக் அதைப் பெரிதாக்கி எனக்கே திருப்பிச் சொன்னது. "நான் சங்கத்துலேந்து நின்னுக்கிறேன். மூனு சங்கத்துலேந்தும்."

"மூனுலியும் இருந்தியாடா பாவி!" என்று ஒரு குரல். கூட்டமே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வேகமாகத் தேய்ந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கணக்கும் அதேதான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பக்கத்திலிருப்பவனைப் பார்க்காமல் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

"தம்பி, மைக்க குடு" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு. கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இது எதிரிகளின் சதி என்று அவர் முழங்குவது வெகுதூரம் கேட்டது. வடலூர் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரன் கேட்டது ஒன்றுதான்: "ஏண்ணா லேட்டு?"

அதற்கு விலை இல்லாமல் இல்லை. மண்வெட்டி வேலையில் நான் இன்னும் கான்ட்ராக்ட்தான். இரண்டு வருடம் கழித்து எங்கள் குழுவில் சிலருக்குப் பர்மனென்ட் வந்தது. சங்கத்திலேயே இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்குமா, தெரியாது. வந்திருக்கும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செய்தி வந்த மாலையில் நான் தைத்த தையல் கோணிக்கொண்டு போனது. கடைக்காரன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பிரிங்கண்ணா" என்றான். பிரித்தேன், மறுபடி தைத்தேன்.

பர்மனென்ட் ஆனவர்களில் ஒருவன், என்னோடு பெல்ட்டடியில் நின்றவன், புது வண்டி வாங்கிக்கொண்டு கவர் போட வந்தான். அப்போது பக்கத்து மிஷின் என்னுடையதாகியிருந்தது.

"அவசரப்பட்டு வுட்டுட்டியே மாமா" என்றான். "இன்னும் கொஞ்ச நாளு துண்டத் தோள்ல போட்டுகினு ஒக்காந்திருந்தா, இந்நேரம் குவார்ட்டர்ஸ்ல இருந்திருப்ப."

சீட்டை மாட்டினேன். அவன் ஏறி உட்கார்ந்து குலுக்கிப் பார்த்தான்.

"ஆகா, மெத்துனு இருக்குது."

பின்பக்கம் குனிந்து பார்த்தேன். விரல் அகலத்துக்கு ஒரு சுருக்கம் தெரிந்தது.

"எறங்கு" என்றேன்.

"பரவால்ல வுடு மாமா, யாரு பாக்கப் போறா?"

"எறங்குடா."

அவன் பர்மனென்ட். இறங்கினான்.