சனிக்கிழமை மூளை

அந்த ஹெட்செட்டை நெற்றியில் மாட்டிக்கொண்டால் மூளையின் அலைகள் லேப்டாப்பில் கோடாக ஓடும். மனசைக் குவித்தால் மேசைமேல் ஒரு குட்டி விளக்கு எரியும். ஐம்பது வயதில் எனக்கு வாய்த்த பொம்மை. சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்குப் பிடித்த பைத்தியம், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை காலை, கடலூர் வீட்டில், மனைவி வழக்கம்போல என் தலையில் நல்லெண்ணெய் தேய்த்து, அரை மணி ஊறட்டும் என்று விட்டுப் போனாள். சும்மா இருப்பானேன் என்று ஹெட்செட்டை மாட்டினேன். முந்தின நாள்வரை வாய்க்கால் தண்ணியாகப் போன கோடு, புயல் கூண்டு ஏற்றிய நாளில் தேவனாம்பட்டினம் கடல் மாதிரி எகிறியது. விளக்கு தன்பாட்டுக்கு எரிந்து அணைந்தது.

என் அப்பா வலிப்பு வந்துதான் போனார். கால் மணியில் நான் முழு நோயாளி ஆகிவிட்டேன். கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன், வாய் கோணியிருந்தது. அது பிறவிக் கோணல் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மனைவியிடம் சொல்ல மனசில்லை. கேஸ் புக் எங்கே, மோட்டாருக்கு எந்த ஸ்விட்ச் என்று மட்டும் விவரமாகக் காட்டிவிட்டு, சீயக்காய்கூடப் போடாமல் ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு, ஹெட்செட்டோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் ஆலப்பாக்கத்திலேயே இடம் மாறிவிட்டார்.

மச்சான் சென்சாரைத் துடைத்துத் தன் நெற்றியில் மாட்டினான். வாய்க்கால். எனக்கு மாட்டினான். கடல். மெஷின்மேல் பழி போடவும் வழியில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவன் என் நெற்றியை விரலால் வழித்து முகர்ந்தான்.

"மாமா, இதுல வடையே சுடலாம்."

எண்ணெயால் சென்சார் தோலில் படியவில்லையாம். மூளையை விட்டுவிட்டு வீட்டுக் கரண்டின் இரைச்சலைப் பிடித்திருக்கிறது. பயத்தில் நான் பல்லைக் கடித்ததும் அதில் சேர்த்தி. சோப்புப் போட்டு அவனே என் நெற்றியைக் கழுவினான், சார்ஜரைப் பிடுங்கினான், மறுபடி மாட்டினான். கோடு அடங்கியது.

"அக்கா அப்பவே போன் பண்ணிடுச்சு. கேஸ் புக்கெல்லாம் காட்டிட்டுப் போறாரு, பயமா இருக்குடான்னு ஒரே அழுவ. மொதல்ல அதுகிட்ட பேசுங்க."

ஹெட்செட்டைக் கழற்றாமலே பேசினேன். ஒன்றுமில்லை, எண்ணெய்தான் என்றேன்.

"நாலு நாளா அந்த மெஷினக் கட்டிக்கிட்டுத் தூங்காம கெடந்தீங்களேன்னு, இன்னிக்கு ஒரு கை எண்ண கூடுதலா வெச்சேன்," என்றாள்.

கோடு மறுபடி எகிறியது.

"கண்ணச் சிமிட்டாதீங்க மாமா. அதுவும் இரைச்சல்தான்," என்றான் மச்சான்.

கண்ணில் எண்ணெய் இறங்கிவிட்டது என்றேன். இப்போதுதானே அவன் கழுவியிருந்தான். இருந்தும் லேப்டாப்பை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.