ராசம்மாள் அக்காவின் ஒற்றைப் பிரதி

மருந்து கொடுக்கும் ஜன்னலை மதியத்துக்காக மூடிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கொல்லிமலையிலிருந்து முருகேசன் பேசினார். ராசம்மாள் அக்காவின் தம்பி. சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் முதலில் அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். "அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஜீப்பு வரத்துக்குள்ள முடிஞ்சிருச்சுங்க" என்றார். நான் ஜன்னலை மறுபடி திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. வெளியே யாரும் இல்லை.

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டுக்காரர்களுக்கு ராசம்மாள் என்ற பெயரைவிட 'நர்ஸம்மா' என்றால்தான் தெரியும். மலையிலேயே பிறந்து, நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்து, கிராமச் செவிலியராக மலைக்கே திரும்பியவர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமைக் காட்டு வரப்புகளில் நடந்தே ஊர் ஊராகப் போவார். அவரைத் தெரியாதவர்களுக்கு இதற்கு மேல் அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது அவர் அச்சிட்ட ஒரு புத்தகத்தைப் பற்றி.

தொண்ணூற்றேழில் மலை மேலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் மருந்தாளுநராகப் போய்ச் சேர்ந்தேன். பேளுக்குறிச்சி எங்கள் ஊர். என் அத்தா அங்கே சந்தையில் மிளகும் கடுகும் விற்பவர். கூப்பிடு தூரத்தில் மலை தெரிந்தாலும் அதுவரை நான் மேலே ஏறியதில்லை. முதல் நாள் பஸ் வளைவுகளில் குடல் புரண்டு, இறங்கியதும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கைக்குழந்தையோடு வந்த ஒருவர் ஒரு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி என் மூக்கருகே பிடித்தார். "மோந்துட்டே இரு கண்ணு, சரியாப் போயிரும்" என்றார். அவர்தான் ராசம்மாள் அக்கா. இடுப்பில் இருந்தது பூங்கொடி.

அந்தக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில்தான் அக்காவின் கணவர் சடையப்பன் எங்கள் ஊர்ச் சந்தையில் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறவர், அதிகம் பேசாதவர். கேமரா கைக்கு வந்த பிறகு பேசாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். ரோல் தீர்ந்ததும் நாமக்கல் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி வருவார். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிக் கொடுத்ததை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதனால் பாதிப் படங்களில் அவருடைய நிழலும் நீளமாக விழுந்திருக்கும். அக்கா குழந்தையைக் குளிப்பாட்டுவார், அந்த ஈரக் கல்லில் ஒரு நிழல். குழந்தை தவழும், அதன் முன்னால் ஒரு நிழல். நாங்கள் கேலி செய்வோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

பூங்கொடிக்கு நான்கு வயதாகும்போது மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து சடையப்பன் விழுந்தார். சேலம் கொண்டுபோயும் பயனில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணம் கோயிலில் எளிமையாக நடந்தது, படம் எடுக்க ஆளில்லை. வாக்காளர் அட்டை மழையில் நனைந்து முகம் இருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. கேமரா எப்போதும் அவர் கையில்தான் இருந்தது. அதை வாங்கி அவரை ஒரு படம் எடுக்க வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தார், பெட்டியை எடுத்தார், நடந்தார். ஆனால் மிளகு காயும் நாட்களில் அந்த வாசனை எந்தக் களத்திலிருந்து வந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் நிற்பார். நாங்களும் நிற்போம்.

பூங்கொடி இரண்டாம் வகுப்புக்கோ மூன்றாம் வகுப்புக்கோ போகையில் அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கத் தொடங்கினாள். அக்கா படங்களை எடுத்துப் பார்த்தார். மலைப்பனியின் ஈரத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு, பூஞ்சை பிடித்து, பல படங்கள் பாழாகியிருந்தன. நல்லவேளையாக நெகட்டிவ்களைத் துணியில் சுற்றி அரிசி போட்ட டப்பாவில் வைத்திருந்தார். அந்தச் சமயத்தில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், படங்களைத் தாளிலேயே அச்சடித்துப் புத்தகமாகத் தைத்திருந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "எனக்கு இப்படி ஒண்ணு வேணும் பாத்திமா கண்ணு. ஒட்டற படம் வேண்டாம். புத்தகமா வேணும். எங்க நல்லாப் போடுவாங்கன்னு பாக்கணும்" என்றார். கணவர் போன பிறகு, நான் அறிந்து, அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். கூட வருகிறேன் என்றேன்.

முதலில் நாமக்கல் போனோம். பழைய ஸ்டுடியோவில் ஆல்பம் வாங்கிப் படம் ஒட்டித் தருவதோடு சரி. அடுத்ததாகக் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அடிக்கும் அச்சகம் ஒன்றில் கேட்டோம். ஐந்நூறு பிரதியாவது போட்டால்தான் மெஷினை ஓட்ட முடியும் என்றார் முதலாளி. ஐந்நூறு ஊட்டுக்கு எங்க போறது, எனக்கு இருக்கறது ஒரு ஊடுதானுங்களே என்று அக்கா சிரித்துக்கொண்டே எழுந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு இல்லை.

பிறகு சேலத்தில் ஒரு பெரிய கலர் லேப். ஏசி அறை, வரிசையாகக் கணினிகள். நெகட்டிவை விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அக்கா விட்டுப்போக மறுத்துவிட்டார். மாதிரிக்கு ஒரு பக்கம் மட்டும் உடனே போட்டுக் காட்டச் சொன்னார். உட்கார்ந்திருந்தோம். மாலையில் வந்த பக்கத்தில் பூங்கொடி ரோஜா நிறத்தில் இருந்தாள். அக்காவின் கன்னங்களும் வெளுத்திருந்தன. குடிசைக்குப் பின்னால் பனி மூடிய வெளிநாட்டு மலை. தரையில் நிழல் இல்லை.

அக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க, எங்க மலை பத்தலீங்களா?" என்றார். பிறகு தாளின் அடியில் விரலை வைத்தார். "இங்க ஒரு நெழலு இருந்துச்சுங்களே."

குறையை எடுத்துவிட்டோம், இதற்குத் தனியாக எதுவும் கேட்க மாட்டோம் என்று பெருமையோடு சொன்னார் அங்கே கணினியில் வேலை பார்த்த பையன்களில் ஒருவர்.

"அது கொறை இல்லீங்க. அது எங்க ஊட்டுக்காரரு."

அவர் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அங்கே எல்லாப் படமும் ஒரே மாதிரி திருத்தப்பட்டுத்தான் அச்சுக்குப் போகும், ஒரு புத்தகத்துக்காக அதை மாற்ற முடியாது என்றார். தாள் பளபளப்பாக இருந்தது, அங்கே பார்வைக்கு வைத்திருந்த புத்தகங்களின் தையலும் அழுத்தமாக இருந்தது. இனி நாங்கள் பார்க்கப்போகும் எந்த இடத்திலும் அத்தனை அழகான தாள் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தேன். அக்கா நெகட்டிவ் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பூங்கொடி கேட்கும்போது என்ன காட்டுவேன் என்று வழியில் ஒருமுறை சொன்னார்.

சில மாதம் கழித்து ஈரோட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சிறு கடையைப் பற்றி என் தங்கை சொன்னாள். ஒரு பெண் தனியாக நடத்திய கடை. அங்கே தாள் சுமார்தான், அட்டையும் சுமார்தான். ஆனால் அந்தப் பெண் முதலில் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு, "உக்காருங்கக்கா, உங்க கண்ணு முன்னாடியே ஸ்கேன் பண்றேன், நெகட்டிவை நீங்களே கையில வெச்சுக்கங்க" என்றார். ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. நிறத்தைத் தொடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் தொடவில்லை. இந்த நிழல் யாருடையது என்று கேட்டார். அக்கா சொன்னார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், மரம், மிளகு, சேலம் எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம்கூட அப்படி வரிசையாகச் சொன்னதில்லை.

கடைசியில் அக்கா சொன்னது இது: "அவரு என்னைய எப்படிப் பாத்தாருன்னு இதுல இருக்குதுங்க. நான் அவரப் பாத்தது எங்கயும் இல்லாமப் போயிருச்சு."

அந்தப் பெண் திரையில் நாலைந்து படங்களை ஒன்றாகப் பரப்பி, அக்காவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். எல்லாவற்றிலும் அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் அதட்டல், ஒன்றில் வெட்கம், ஒன்றில் வாய்விட்ட சிரிப்பு.

"எல்லாத்துலயும் இருக்குதுங்களேக்கா. நீங்க பாக்கறது அவரத்தானே?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சடையப்பன் இறந்து ஐந்து வருடத்துக்கு அப்புறம், ஈரோட்டில், ஒரு மாடிப்படிக்கு அடியில், அவர் தாராளமாக அழுததை நான் பார்த்தேன். அந்தப் பெண் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு டீ சொல்லிவிட்டு வந்தார். இனி வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று அக்கா என் கையைத் தட்டினார்.

புத்தகம் வந்தபோது ஒரு பக்கத்தில் மை கொஞ்சம் திட்டாக இருந்தது. அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. பூங்கொடி முதலில் ஏமாந்தாள், அப்பாவின் முகம் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அக்கா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, நிழலின் தோளைக் காட்டி, கையைக் காட்டி, ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அப்பா என்ன சொன்னார் என்று சொல்லிச் சொல்லியே பக்கம் புரட்டினார். பிறகு எத்தனையோ மாலைகளில் அவர்கள் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டாரும் வருவார்கள். இது இந்தப் பாறை, இது அந்தப் பலாமரம் என்று அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு ஆண் இருப்பது போலவே இருக்கும். புத்தகத்தை மூடும்போது மட்டும் அக்கா ஒரு நொடி அட்டையின் மேல் கையை வைத்திருப்பார்.

மாற்றலாகி நான் மலையிறங்கிய பிறகும் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போக மாட்டார்.

போன வெள்ளிக்கிழமை மலைக்குப் போனேன். அவர் கையில் பிறந்த இளவட்டங்கள்தான் அவரைச் சுமந்ததாகச் சொன்னார்கள். விளக்கேற்றி வைக்கப் படம் வேண்டும் என்று பேச்சு வந்ததாம். அலுவலக அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கலாம் என்று பெரியவர்கள் சொல்ல, பூங்கொடி அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து வாய்விட்டுச் சிரிக்கும் படத்தைக் காட்டியிருக்கிறாள். சாவு வீட்டில் இப்படிப் பல் தெரியச் சிரிக்கிற படமா என்று ஒருவர் தயங்கியிருக்கிறார்.

"அம்மா அப்பாவப் பாத்துச் சிரிச்சதுங்க. அதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயது. இனி தாய்மாமன் வீட்டில் இருந்து படிப்பாள்.

நான் போனபோது வாசல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணாடி மங்க மங்க, பூங்கொடி பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க, முப்பது வயது ராசம்மாள் அக்கா எங்கள் தலைக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரிடமே போய்ச் சேருங்கள் அக்கா. பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.