வரைபடத்தில் இல்லாத தெரு

காரைக்குடியில் கல்யாணசுந்தரியைத் தெரியாத வக்கீல் குமாஸ்தா கிடையாது. ஆங்கிலத்திலும் தமிழிலும் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த தட்டச்சுப் பயிலகத்தில் காலையில் பாடம் சொல்லிக் கொடுப்பாள். மதியத்துக்கு மேல் வெளிவேலைகளை அடித்துக் கொடுப்பாள். எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டாள் என்று பேர். அப்பா இறந்த பிறகு அம்மா காளியாயியும் தம்பி மலையாண்டியும் அவளை நம்பித்தான் இருந்தார்கள். குடியிருப்பு ஊருக்கு வெளியே, ரயில் பாதைக்குத் தெற்கே. இருபத்திரண்டு வீடுகள், ஒன்றுக்கும் பட்டா கிடையாது.

1973-ஆம் வருஷம் ஆடி மாதம், ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒருவரான சோமு ஐயா ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டுக் காகிதத்தோடு மாடியேறி வந்தார். ஏழு நாடுகள் கலந்துகொள்ளும் கைப்பந்துப் போட்டி ஒன்றை இந்தியாவில் நடத்தப் போகிறார்களாம். பெரிய நகரங்களெல்லாம் எங்களுக்குத்தான் வேண்டும் என்று மனுப் போடுகின்றன. காரைக்குடியும் தேவகோட்டையும் திருப்பத்தூரும் சுற்றியுள்ள ஊர்களும் ஒரே வட்டாரமாகச் சேர்ந்து நாமும் கேட்டால் என்ன? அதற்கென்று அமைத்த கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். மலையாண்டியின் கைப்பந்துக் குழுவுக்கு முதல் பந்தும் வலையும் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் அவர் வேலை என்றால் கல்யாணசுந்தரிக்கு ஒரு தனி அக்கறை.

மனுவும் லேசுப்பட்டதல்ல. ஓட்டல் இல்லை என்ற குறையை அவர் ஒரே பக்கத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தார். கீழச்சிவல்பட்டியிலும் நேமத்தான்பட்டியிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக் குழு முழுவதையும் தங்க வைக்கலாம். ஆயிரம் பேர் கல்யாணத்துக்குச் சமைத்த கைகள் இங்கே இருக்கின்றன. மலேயாவிலும் பர்மாவிலும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வருகிற விளையாட்டுக்காரர்களோடு அவரவர் பாஷையிலேயே பேசுவார்கள். அடிக்க அடிக்க அவளுக்கே பெருமையாக இருந்தது. நம்மூருக்கு இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றியது.

பதினான்காம் பக்கத்தில் ஆடுகளம் வந்தது. ரயில் பாதைக்குத் தெற்கே, ஊருணிக்கும் பனங்காட்டுக்கும் நடுவே, பதினோரு ஏக்கர் பொட்டல். அங்கே குடியிருப்பு எதுவும் இல்லை.

விரல்கள் அந்த வரியை அடித்து முடித்த பிறகுதான் மனசுக்கு எட்டியது. ஊருணிக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் இருப்பது அவள் வீடு. அவள் காலையில் பூட்டாமல் சாத்திவிட்டு வந்த வீடு. இந்நேரம் அம்மா அடுப்பு மூட்டியிருப்பாள். காகிதத்தை உருளையிலிருந்து உருவக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதியிருப்பார், சொன்னால் பதறிப் போவார் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, நீங்க எழுதியிருக்க எடத்துலதான் நாங்க குடியிருக்கோம்."

சோமு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பதறவில்லை. "தெரியும் ஆத்தா. போட்டி நடக்க இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு. அதுக்குள்ள ஒங்களுக்கு வேற எடம் பாத்துருவோம். அப்ப அந்த வரி உண்மையாயிரும்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தன்னால் அடிக்க முடியாது என்று காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளே அதைத் திருப்பத்தூரில் வேறொருவரிடம் கொடுத்து அடித்து வாங்கி, மனுவை டில்லிக்கு அனுப்பிவிட்டார்கள்.

தெருவில் சொன்னாள். யாரும் நம்பவில்லை. இங்கிலீஷைத் தப்பாக விளங்கிக்கொண்டிருப்பாய் என்றான் மலையாண்டி. பந்து வாங்கிக் கொடுத்த மனுஷன் வீட்டைப் பிடுங்குவாரா என்று கேட்டான். அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

தை மாதம், இடத்தைப் பார்க்க டில்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அக்கா சொன்னதில், தங்கள் தெருப் பக்கம்தான் ஆடுகளம் வருகிறது என்பதை மட்டும் மலையாண்டி நம்பியிருந்தான். அவன் தெருவையே கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட வைத்திருந்தான். அவன் குழு ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நின்றது. கார் நின்றதும் பெண்கள் குலவை போட்டார்கள். காளியாயி ஆரத்தித் தட்டோடு முன்னால் போனாள்.

பெரிய அதிகாரி கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார். இவர்களெல்லாம் யார் என்று சோமுவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், உங்களை வரவேற்க வந்திருக்கிறார்கள், இந்தக் கொட்டகைகளெல்லாம் தற்காலிகம் என்றார் சோமு. கல்யாணசுந்தரி நாலடி தள்ளி நின்றாள். அந்தக் கூட்டத்தில் அவர் சொன்னது விளங்கியவள் அவள் ஒருத்திதான். அவர் அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டேதான் சொன்னார். குலவை அடங்கவில்லை.

"என்னத்தா சொல்றாக?" என்று காளியாயி மகளைக் கேட்டாள்.

"நம்ம இங்க இல்லையாம்மா. பக்கத்து ஊர்லேர்ந்து வந்து நிக்கிறோமாம்."

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. மலையாண்டி சோமுவையே பார்த்தான். காளியாயி தட்டைக் கீழே வைத்தாள். பெரிய அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பெரிய மனிதரை யாரும் அப்படிப் பிடித்திருக்க மாட்டார்கள். அவர் திகைத்துப்போய் அவள் பின்னாலேயே நடந்தார். வீட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினாள், உலை கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த புருஷன் படத்தைக் காட்டினாள். கொடியில் கிடந்த ஈரச் சேலையைக் காட்டினாள்.

"நாங்க இங்கதான்யா இருக்கோம்" என்றாள்.

அதிகாரி கல்யாணசுந்தரியின் பக்கம் திரும்பி, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தான் பிறந்ததே இந்த வீட்டில்தான் என்று அதே பாஷையில் சொன்னாள். அவர் வரைபடத்தின்மேல் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டார்.

சித்திரையில் தபால் வந்தது. போட்டி வடக்கே ஒரு நகரத்துக்குப் போய்விட்டது. காரணம் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஊரே காரணம் சொன்னது. ஒரு பெண்பிள்ளை வாயால் ஊருக்கு வந்த பேர் போயிற்று என்று டீக்கடைகளில் பேசினார்கள். இனி வர வேண்டாம் என்று பயிலகத்தில் சொல்லிவிட்டார்கள். மலையாண்டி ஒரு வருஷம் பந்தைத் தொடவே இல்லை. கேட்டால், கை வரவில்லை என்பான்.

கல்யாணசுந்தரி பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். மனு எழுத வேண்டியவர்கள் ரயில் பாதையைத் தாண்டி அவளைத் தேடி வந்தார்கள். தெருவுக்குப் பட்டா கேட்டு அவளே மூன்று முறை மனுப் போட்டாள். இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவதற்கு, ஊரில் நாலு பெரிய மனிதர்களாவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மலையாண்டி காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தான்.

திரும்பி வந்து அவன் அதை நீட்டியபோது முதல் கையெழுத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். சோமுவினுடையது. தம்பி அவரிடம் போகவே இல்லை. தெருமுனையில் வழிமறித்து, காகிதத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே போட்டுக் கொடுத்தாராம்.

1978-இல் பட்டா வந்தது. அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. கடைவீதியில் எதிரே வந்தால் இருவரும் ஒரு கணம் நிற்பார்கள். பிறகு அவரவர் வழியில் போய்விடுவார்கள்.