அம்மா வளைகாப்புக்கு வராத காரணம்

பிள்ளைகளே, சொந்தத்தில் எந்த வளைகாப்பு என்றாலும் உங்களை மட்டும் அனுப்பிவிட்டு அம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறாளே, ஏன் என்று கேட்டீர்கள். தலைவலி என்று சமாளித்தேன். காரணம் அதுவல்ல. நான் பத்தாவது வரைதான் படித்தவன். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். அந்த மழைக்காலத்தில் சின்னமனூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். திராட்சைப் பந்தல்களில் வேலைக்கு ஆளே கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. தம்பி நல்ல எடையோடுதான் பிறந்தான். ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சும் வரவில்லை.

அவனுக்கு மூன்று வயதானபோது, உத்தமபாளையத்தில் உங்கள் பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள்.

"ஏத்தா, கை உப்பிப்போயி வளையல் ஏற மாட்டேங்குதே. மாமியார் வீட்டுல சோறு தூக்கலாப் போடுறாகளோ?" என்று ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது.

அடுத்து அம்மா வளையலை எடுத்தாள். என் அக்கா, உங்கள் அத்தைதான், சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ இரு ஆத்தா. நல்லபடியாப் பெத்தவுக போடட்டும்."

சிரிப்பு நின்றுபோனது. அம்மா வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாசமா இருக்கையில எங்கன போனேன், என்னத்தத் தின்னேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். என்னங்க தப்பு செஞ்சேன்?"

 அடுத்த முறை அம்மாவோடு தேனிக்குப் போனபோது, தம்பியைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம், அந்தக் காய்ச்சலால்தான் இப்படியா என்று கேட்டேன்.

"கிருமி பிள்ளைகிட்டப் போகாட்டியும், அதை எதிர்த்துத் தாயோட உடம்பு சண்டை போடுதில்ல, அந்தச் சண்டையோட வேகம் சில சமயம் வயித்துல வளர்ற பிள்ளையோட மூளையைத் தொடலாம்" என்றார். "ஆனா இவனுக்கு அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்த தாய்மாருக்குப் பெரும்பாலும் நல்லாத்தான் பிள்ளை பிறக்குது. நீங்க ஒரு தப்பும் செய்யலம்மா."

எனக்குப் பெரிய ஆறுதல். அக்காவிடம் போய் இதை அப்படியே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அப்ப கிருமிகூட இல்ல. என் ஒடம்பேதான் அவனைத் தொட்டிருக்கு."

"தொட்டிருக்கலாம்னுதானே சொன்னாக? அவனையும் சேத்துக் காப்பாத்தத்தானே உன் ஒடம்பு சண்டை போட்டுச்சு?"

"உங்க அக்காகிட்டச் சொல்லிராதீக. 'அவ ஒடம்பே வெசம்'னு ஊரெல்லாம் சொல்லிருவாக."

நான் சொல்லவில்லை. இன்றுவரை அத்தைக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்; உங்கள் அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை.

அன்று உள்ளே தம்பி அழுதான். அவள் அப்படியே எழுந்து போய்விட்டாள். நீங்கள் டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை. நான் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, அவள் பிசைந்து வைத்த சோற்றை அதே தட்டில் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.