அமெரிக்க மாமாவின் உத்தியோகம்

தேவாலயத்தில் நான் முதல் நன்மை வாங்கும் நாளுக்காக அம்மாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து, டென்மார்க்கில் நாங்கள் இருந்த பிராண்டேக்கு வந்திருந்தார். அவருக்குக் கோர்ட்டோடு சம்பந்தப்பட்ட உத்தியோகம் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் தெரியும். மைத்துனர் சட்டத்தரணி என்று அப்பா தான் வேலைசெய்த ஃபக்டரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

பூசை முடிந்து, வாடகை மண்டபத்தில் சாப்பிடும்போது, என்னதான் வேலை என்று அப்பா கேட்டுவிட்டார். மாமா ஒளிக்கவில்லை. அங்கே வழக்கு முடியும்வரை வெளியில் இருப்பதற்குப் பிணைக்காசு கட்ட வேண்டுமாம். வசதியில்லாதவருக்காக ஒரு கொம்பனி பொறுப்பேற்குமாம். அவர் வழக்குக்கு வராமல் ஓடிவிட்டால் கொம்பனிக்கு நட்டம். ஓடியவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் மாமாவின் வேலை.

அப்பாவின் கையிலிருந்த ரோல்ஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"சம்பளம் என்ன மாதிரி?"

"சம்பளம் எண்டு இல்லை, அத்தான். பிடிச்சால் பிணைக்காசில ஒரு பங்கு. பிடிக்காட்டி பெற்றோல் காசும் என்ர தலையிலதான். ஆனால் ஓடுற ஆக்கள் குறையப்போறதில்லை. வேலைக்குப் பஞ்சம் வராது."

வளர்ந்து பெரியவளானதும் நானும் இதையே செய்யப்போவதாக டெனிஷில் அறிவித்தேன். அக்கா அதைத் தமிழில் சொன்னதும் மாமா பூரித்துப்போனார். என்னைப் பக்கத்தில் இருத்தித் தொழிலைச் சொல்லித்தரத் தொடங்கினார். ஓடுகிறவன் எப்படியும் ஒரு நல்லநாளுக்கு வீட்டுக்கு வருவான். கதவைத் தட்டும்போது சிரித்த முகமாக நிற்க வேண்டும். அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் பரிசுப்பொதியோடு போனாராம்.

"சின்னப் பெடியன்தான் கதவைத் திறந்தவன். அப்பான்ர சிநேகிதன் எண்டன். தகப்பன் நிண்ட இடத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போனான்."

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. சோற்றுக் கரண்டியோடு நின்ற அம்மா, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"அண்ணையைக் கொண்டுபோக வந்தவையும் சிரிச்சுக்கொண்டுதானே வந்தவை, தம்பி."

மாமாவின் முகம் வெளிறியது. "அக்கா, இது சட்டப்படி..." என்று தொடங்கினார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வெள்ளைச் சட்டையோடு பின்னால் ஓடினேன். கார்களுக்கு நடுவில் தனியே நின்றார். மாதச் சம்பளமில்லாத வேலை என்பதால்தான் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னேன்.

"மாமா, டென்மார்க்கில வேலை எடுங்கோ. இங்க மாசாமாசம் காசு தருவினம்."

அவர் என் தலையில் கைவைத்தபடி விம்மி விம்மி அழுதார். வளர்ந்த ஆணொருவர் அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பயந்துபோனேன்.

அம்மாவின் அண்ணனான பெரிய மாமாவை யாழ்ப்பாணத்தில் யாரோ வீட்டுக்கு வந்து கொண்டுபோனார்கள், அவர் திரும்பவேயில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அன்று கதவைத் திறந்து, வந்தவர்களை அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போன சிறுவன் இந்த மாமாதான் என்பது தெரியாது.