பாண்டியின் பையைத் துவைத்தல்

மாசி மாதச் செவ்வாய்க்கிழமை, முற்பகல். பேரையூருக்கு வெளியே ஒரு பம்புசெட்டுத் தொட்டியருகே நிற்கிறேன். என்னோடு ஊர் ஊராக நடந்த நண்பன் பாண்டி போன வாரம் இறந்துவிட்டான். அவனுடைய முதுகுப்பையை எனக்குத் தருகிறார்கள். சாவு வீட்டுப் பொருளை நனைக்காமல் கொடுக்கக் கூடாது என்று அவன் தங்கை செல்வி அதைத் துவைக்கிறாள். தோள் வாரில் அவன் வேர்வை வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்திருக்கிறது.

“அத மட்டும் விட்ரும்மா.”

“உப்புண்ணே. விட்டா வாரு இத்துப் போகும். இது தோள்ல போடவா, அண்ணன் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டவா?”

சோப்பை வாங்கி நானே தேய்க்கிறேன். கோடுகள் கரைகின்றன. காயும்வரை காத்திராமல் பையை மாட்டிக்கொள்கிறேன். பேருந்து நிறுத்தம் வரை முதுகில் ஈரம் இறங்குகிறது.